எதை முதலில் சரி செய்வது?
தரமேம்பாட்டுப் பணிகளை வரிசைப்படுத்தும் கணக்கு

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

முன்னுரை

குறையே இல்லாத தொழிற்சாலை என்று ஒன்று இல்லை. பொருளில் குறை, இயந்திரத்தில் குறை, வந்து சேரும் மூலப்பொருளில் குறை என்று பட்டியல் போட்டால் எந்த நிறுவனத்திலும் ஐம்பதைத் தாண்டும். ஆனால் அவற்றைச் சரி செய்ய உள்ள ஆட்களும் பணமும் நாட்களும் அளவுடையவை. ஆகவே தரத்தை உயர்த்த விரும்பும் நிறுவனம் முதலில் விடை காண வேண்டிய வினா, 'எதை முதலில் எடுப்பது?' என்பதாகும். இவ்வினாவுக்குக் கணிதம் தரும் சில விடைகளை என் சக மாணவர்களுக்கு அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் கோவையில், பவுண்டரி என்று எங்கள் ஊரில் வழங்கும் வார்ப்பாலை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மோல்டராக இருக்கிறார். பம்புகளுக்கான இரும்பு வார்ப்புகளுக்கு மணலில் அச்சு எடுப்பது அவர் வேலை. அங்கே மாதந்தோறும் தரக் கூட்டம் நடக்கும். அக்கூட்டத்தில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் சொன்ன குறைதான் அந்த மாதத்தின் வேலை. ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் பெயின்ட் கீறலுக்காகச் சத்தம் போட, ஒரு மாதம் முழுதும் அனைவரும் பெயின்டையே பார்த்தார்களாம். மணல் கலக்கும் இயந்திரத்தின் தேய்ந்த தகடுகள் அப்படியே கிடந்தன. அந்த மணலால் கெட்ட வார்ப்புகளுக்கான தொகை மோல்டர்களின் கூலியில் பிடிக்கப்பட்டது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். வகுப்பில் படிக்கும் அணிகளுக்கும் அந்தக் கூலிப் பிடித்தத்திற்கும் தொடர்பு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருக்கிறது என்பதைப் பின்வரும் பகுதிகளில் காணலாம்.

சிலவும் பலவும்

தரவியல் அறிஞர்களுள் முதன்மையானவர் ஜோசப் ஜூரான் (1904–2008). எந்தக் குறைப்பட்டியலை எடுத்தாலும் அதில் உள்ள சில காரணங்களே பெரும்பகுதி இழப்பை உண்டாக்குகின்றன என்று அவர் கண்டார். இத்தாலியப் பொருளியலார் வில்பிரடோ பரேட்டோ (1848–1923) செல்வம் ஒரு சிலரிடம் குவிந்திருப்பதை ஆராய்ந்தவர். அவர் பெயரையே ஜூரான் தம் விதிக்கு இட்டார். இன்று உலகெங்கும் 'பரேட்டோ விதி' என்று வழங்குவது இதுவே. உண்மையில் பரேட்டோ தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெயர் பொருந்தாது என்றும், தாம் வரைந்த திரள் வளைகோட்டுக்கு 1905-இல் அதை அறிமுகப்படுத்திய லாரன்ஸ் என்பவரே உரியவர் என்றும் 1975-இல் ஜூரானே எழுதினார். எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

இம்முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். எண்கள் கணக்கின் வசதிக்காக நான் அமைத்தவை. குறைகளோ வார்ப்பாலைகளில் அன்றாடம் காணப்படுபவை. ஒரு மாதத்தில் 8,000 வார்ப்புகள் செய்து 400 ரிஜெக்ட் ஆனதாகக் கொள்வோம்.

மணல் சேர்ந்தவை — 148 (37 விழுக்காடு)
காற்றுத் துளை விழுந்தவை — 112 (28 விழுக்காடு)
சுருக்கக் குழி விழுந்தவை — 56 (14 விழுக்காடு)
அச்சு விலகியவை — 40 (10 விழுக்காடு)
முழுதும் நிரம்பாதவை — 28 (7 விழுக்காடு)
பிற — 16 (4 விழுக்காடு)

முதல் மூன்றையும் கூட்டினால் 79 விழுக்காடு வருகிறது. ஆறில் மூன்றைக் கவனித்தாலே ஐந்தில் நான்கு பங்குக் குறை நம் பார்வைக்குள் வந்துவிடும். இவற்றிலும் மணலே முதலில் நிற்கிறது.

எதை எண்ணுவது?

இங்கே ஒரு கேள்வி எழும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதுமா? மணல் சேர்ந்த வார்ப்பு பெரும்பாலும் அச்சை உடைத்துச் சுத்தம் செய்யும்போதே கண்ணில் படும். அதை மீண்டும் உலையில் இட்டு உருக்கிவிடலாம். சுருக்கக் குழியோ உள்ளே மறைந்திருக்கும். கடைசல் முடித்து, நீரழுத்தச் சோதனை வைத்து, ஒழுகும்போதுதான் தெரியும். அதற்குள் அந்த வார்ப்பின் மீது பலருடைய உழைப்பும் மின்சாரமும் செலவாகியிருக்கும். ஆகவே ஒரு வார்ப்புக்கு மணலால் 150 ரூபாயும், காற்றுத் துளையால் 250 ரூபாயும், சுருக்கத்தால் 700 ரூபாயும் இழப்பு என்று கொள்வோம்.

மணல்: 148 × 150 = 22,200 ரூபாய்
காற்றுத் துளை: 112 × 250 = 28,000 ரூபாய்
சுருக்கம்: 56 × 700 = 39,200 ரூபாய்

வரிசை தலைகீழாகிவிட்டது. எண்ணிக்கையில் மூன்றாவதாக இருந்த சுருக்கம் பணத்தில் முதலிடம் பெறுகிறது. முதலில் இருந்த மணல் மூன்றாவதாகிறது. ஒரே மாதம், ஒரே தொழிற்சாலை, ஒரே குறைகள். அளவுகோலை மாற்றியவுடன் விடை மாறுகிறது. எனவே பரேட்டோ வரைபடம் வரையுமுன் எதை அளக்கிறோம் என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

பல அளவுகோல்கள்

பணம் ஒன்றே அளவுகோல் என்றால் கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் ஒரு பணியை எடுக்குமுன் அது எவ்வளவு எளிது, எத்தனை நாள் ஆகும், செய்யும் வலிமை நம்மிடம் உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டியுள்ளது. திருக்குறளில் தெரிந்துசெயல்வகையை அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அதிகாரங்கள் தொடர்வதை நாம் அறிவோம். செயலில் இறங்குமுன் ஒன்றுக்கு மேற்பட்ட கோணங்களில் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அன்று. அந்தக் கோணங்களை ஒன்றாகக் கூட்டுவது எப்படி என்பதுதான் சிக்கல்.

இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. 1772-ஆம் ஆண்டு செப்டம்பரில் பெஞ்சமின் பிராங்க்ளின், முடிவெடுக்கத் தடுமாறிய தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாளின் நடுவே கோடு கிழித்து, ஒருபுறம் சாதகங்களையும் மறுபுறம் பாதகங்களையும் சில நாட்கள் எழுதிவந்து, சம எடையுள்ளவற்றை இருபுறமும் அடித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது எது என்று தெரியும் என்பது அவர் யோசனை. ஒரே செயலைச் செய்வதா வேண்டாமா என்பதற்கு இது பயன்படும். மூன்று பணிகளை மூன்று அளவுகோல்களில் ஒப்பிட இது போதாது.

சாட்டியின் முறை

இக்குறையை நீக்கியவர்களுள் ஒருவர் தாமஸ் சாட்டி (1926–2017). ஈராக்கில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கணிதவியலாளர். 1970-களில் அவர் வகுத்து, 1980-இல் நூலாக வெளியிட்ட முறையைப் 'படிநிலைப் பகுப்பாய்வு' எனலாம். மனிதனால் பத்துப் பொருள்களுக்கு ஒரே நேரத்தில் மதிப்பெண் போட இயலாது. இரண்டிரண்டாக எடுத்து, 'இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம்?' என்று கேட்டால் ஓரளவு சரியாகச் சொல்வான் என்பது இதன் அடிப்படை. இரண்டும் சமம் என்றால் 1. ஒன்று மற்றதைவிட மிக மிக முக்கியம் என்றால் 9. இடையில் உள்ளவை இடைப்பட்ட நிலைகள். அ என்பது ஆ-வைப் போல 3 மடங்கு என்றால், ஆ என்பது அ-வில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே கிடைக்கும் அணியில் மூலைவிட்டத்திற்கு எதிரெதிரே தலைகீழிகள் அமையும்.

நம் வார்ப்பாலைக்குச் சேமிப்பு, எளிமை, தொழிலாளர் நலம் என்னும் மூன்று அளவுகோல்களை எடுத்துக்கொள்வோம். சேமிப்பு எளிமையைப் போல 3 மடங்கு, சேமிப்பு நலத்தைப் போல 2 மடங்கு, நலம் எளிமையைப் போல 2 மடங்கு என்று கூட்டத்தில் முடிவானதாகக் கொண்டால் அணி வருமாறு:

சேமிப்பு: 1, 3, 2
எளிமை: 1/3, 1, 1/2
நலம்: 1/2, 2, 1

ஒவ்வொரு நிரலையும் கூட்டினால் 1.83, 6, 3.5 கிடைக்கும். நிரலில் உள்ள எண்களை அந்தந்தக் கூட்டுத்தொகையால் வகுத்து, வரிசை வரிசையாகச் சராசரி கண்டால் 0.54, 0.16, 0.30 வரும். இவையே மூன்று அளவுகோல்களின் நிறைகள்.

இதில் நாம் வகுப்பில் படித்த பாடம் எங்கே வருகிறது? இந்த நிறைகள், அணியின் மிகப் பெரிய ஐகன் மதிப்புக்குரிய ஐகன் திசையனின் தோராய மதிப்புகள். சொன்ன ஒப்பீடுகள் முரண்படாமல் இருந்தால் 3 × 3 அணியில் அந்த ஐகன் மதிப்பு சரியாக 3 ஆகும். முரண்பாடு கூடக் கூட அது 3-ஐத் தாண்டும். மேலே சேமிப்பு எளிமையைப் போல 3 மடங்கு, நலம் எளிமையைப் போல 2 மடங்கு என்றோம். அப்படியானால் சேமிப்பு நலத்தைப் போல ஒன்றரை மடங்காக இருக்க வேண்டும். நாம் 2 என்றோம். இந்தச் சிறு முரண்பாட்டால் ஐகன் மதிப்பு 3.009 ஆகிறது. இதிலிருந்து 3-ஐக் கழித்து 2-ஆல் வகுத்து, தற்போக்காக எண்களை நிரப்பிய அணிகளின் சராசரியான 0.58-ஆல் மீண்டும் வகுத்தால் 0.008 கிடைக்கும். இது 0.10-க்குள் இருந்தால் ஒப்பீடுகளை ஏற்கலாம் என்பது சாட்டியின் வரையறை. மீறினால் கூட்டத்தை மீண்டும் கூட்டிக் கேட்க வேண்டும். ஒருவர் பேச்சில் உள்ள முரண்பாட்டை ஓர் எண்ணால் சுட்டிக் காட்ட முடிகிறது என்பது எனக்கு வியப்பளித்தது.

விட்டுப்போனதற்கு மதிப்பு சுழி

இனி மூன்று பணிகளுக்கும் மதிப்பெண் இடுவோம். சேமிப்பு, மேலே கண்ட இழப்புகளின் விகிதத்திலேயே இருக்கும் என்று கொண்டால் மணல் 0.25, காற்றுத் துளை 0.31, சுருக்கம் 0.44. எளிமையில் மணல் முந்தும். கலவை இயந்திரத்தின் தகடுகளை மாற்றுவதும், மணலின் ஈரத்தை நாள்தோறும் சோதிப்பதும் சில நாட்களில் ஆகிற வேலை. காற்றுத் துளைக்குக் கோர்களை நன்கு உலர்த்தி, காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். சுருக்கத்திற்கோ ரைசரின் அளவையும் இடத்தையும் மாற்றி, பேட்டர்னைத் திருத்தி, பலமுறை வார்த்துப் பார்க்க வேண்டும். ஆகவே எளிமைக்கு 0.5, 0.3, 0.2 என்று இடலாம்.

தொழிலாளர் நலத்திற்கும் அதே மதிப்பெண்களை இடுகிறேன். மணல் ஒட்டிய வார்ப்புகளை உளியால் கொத்தியும் சாணைக்கல்லில் தேய்த்தும் சுத்தம் செய்யும்போது நுண்ணிய சிலிக்காத் தூசி பறக்கும். அது நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். கெட்ட நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. மணல் சேரும் வார்ப்புகள் குறைந்தால் அந்தத் தூசியும் குறையும்.

மூன்று அளவுகோல்களையும் நிறையிட்டுக் கூட்டினால்:

மணல்: (0.54 × 0.25) + (0.16 × 0.5) + (0.30 × 0.5) = 0.365
காற்றுத் துளை: (0.54 × 0.31) + (0.16 × 0.3) + (0.30 × 0.3) = 0.305
சுருக்கம்: (0.54 × 0.44) + (0.16 × 0.2) + (0.30 × 0.2) = 0.330

மணலே முதல் பணி. இப்போது 'தொழிலாளர் நலம்' என்னும் வரியை மட்டும் நீக்கிவிடுவோம். சேமிப்புக்கு 0.75, எளிமைக்கு 0.25 என்று நிறைகள் மாறும். மணல் 0.3125, காற்றுத் துளை 0.3075, சுருக்கம் 0.38 என்று வரும். சுருக்கம் முதலிடத்திற்கு ஏறிவிடுகிறது. மணல் காத்திருக்க வேண்டும்.

இதை நண்பர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுகிறேன். யாரும் 'தொழிலாளர் நலத்திற்கு மதிப்பில்லை' என்று சொல்லவில்லை. அட்டவணையில் அதற்கு ஒரு வரி போட மறந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் கணக்கில் அதன் நிறை சுழி என்றே பொருள். சேமிப்பும் எளிமையும் 3-க்கு 1 என்றே இருக்கட்டும். நலத்தின் நிறை எவ்வளவு ஆனால் மணல் முன்னே வரும் என்று சமன்பாடு எழுதித் தீர்த்துப் பார்த்தேன். 0.18-ஐத் தாண்டினால் போதும். ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நிறை ஒரு கூட்டத்தின் முடிவையே மாற்றுகிறது. நிறைகளைச் சிறிது சிறிதாக மாற்றி முடிவு எங்கே மாறுகிறது என்று பார்க்கும் இச்சோதனையைச் செய்யாமல் எந்த வரிசையையும் நம்பக் கூடாது.

இருவர் கருத்தும் ஒரு சராசரியும்

கூட்டத்தில் கருத்து வேறுபாடு வரும். 'சேமிப்பு நலத்தைப் போல 4 மடங்கு' என்கிறார் மேலாளர். 'இல்லை, நலமே சேமிப்பைப் போல 4 மடங்கு' என்கிறார் தொழிலாளி. இரண்டையும் எப்படிச் சேர்ப்பது? முதலாமவர் விடை 4. இரண்டாமவர் விடை 1/4. கூட்டுச் சராசரி எடுத்தால் 2.125. இருவரும் சம வலிமையோடு எதிரெதிர் பேசியிருக்க, சேமிப்பு இரு மடங்கு முக்கியம் என்று கணக்கு தீர்ப்பளிக்கிறது! பெருக்குச் சராசரி எடுத்தால் 4 × 1/4 = 1, அதன் வர்க்க மூலமும் 1. அதாவது சமம். விகிதங்களைச் சேர்க்கப் பெருக்குச் சராசரியே பொருந்தும் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. தவறான சராசரி ஒருவர் பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்தது யார் கண்ணுக்கும் தெரியாது.

வேறொரு முறையும் அதன் குறையும்

தொழிற்சாலைகளில் பரவலாக உள்ள மற்றொரு முறை, பழுது வகைகளையும் விளைவுகளையும் பகுத்தாய்வது. 1949-இல் அமெரிக்க இராணுவம் இதற்கு நடைமுறை வகுத்தது. பழுதின் கடுமை, அது நேரும் வாய்ப்பு, அதைக் கண்டுபிடிப்பதில் உள்ள கடினம் ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 10 வரை எண் இட்டுப் பெருக்கி, அதிக எண் பெற்றதை முதலில் கவனிப்பது பின்னாளில் வழக்கமாயிற்று. கற்பதற்கு எளிது. ஆனால் 10 × 2 × 3 என்பதும் 60. 3 × 5 × 4 என்பதும் 60. முன்னது உயிருக்கே ஆபத்தான பழுது, பின்னது சிறு தொல்லை. இரண்டும் சமமாகிவிடுகின்றன. இக்குறையை உணர்ந்து, 2019-இல் அமெரிக்க, ஜெர்மானிய வாகனத் தொழில் அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட கையேட்டில் பெருக்குத் தொகையைக் கைவிட்டு, கடுமைக்கு முதலிடம் தரும் முன்னுரிமை அட்டவணையைச் சேர்த்தனர்.

சாட்டியின் முறையும் விமர்சனத்திற்குத் தப்பவில்லை. ஏற்கெனவே உள்ள ஒன்றைப் போன்ற இன்னொன்றைப் பட்டியலில் சேர்த்தால் பழையவற்றின் வரிசை மாறிவிடக்கூடும் என்று 1983-இல் பெல்டன், கியர் என்ற இருவர் எடுத்துக்காட்டினர். ஆகவே எந்த முறையையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுதல் தகாது.

நம் நாட்டில்

புள்ளியியல் தரக் கட்டுப்பாடு இந்தியாவுக்குப் புதியதன்று. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவினார். கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924-இல் உருவாக்கிய வால்டர் ஷூவார்ட் அவருடைய அழைப்பின் பேரில் 1947–48-இல் இந்தியா வந்தார். ஜப்பானியர் 1951-இல் ஏற்படுத்திய டெமிங் பரிசை, சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998-இல் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. பெரிய நிறுவனங்களில் இக்கலை வேரூன்றியிருக்கிறது. முப்பது பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்கு இது இன்னும் போய்ச் சேர வேண்டும். அதற்குக் கணினி கூடத் தேவையில்லை என்பதை மேலே கண்ட கணக்குகளே காட்டும்.

முடிவுரை

இம்முறைகள் எதுவும் நமக்காக முடிவெடுப்பதில்லை. 3 மடங்கா, 2 மடங்கா என்பதை மனிதர்களே சொல்ல வேண்டும். ஆனால் சொன்னதைத் தாளில் எழுத வைக்கின்றன. எழுதிவிட்டால் கேள்வி கேட்க வழி பிறக்கிறது. 'என் குறை ஏன் பின்னுக்குப் போயிற்று?' என்று கேட்பவருக்கு, 'முதலாளி சொன்னார்' என்பதற்குப் பதிலாக ஓர் எண்ணைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த எண் எப்படி வந்தது என்றும் அவர் கேட்கலாம். கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்பவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

இந்த மணல் கணக்கை ஒரு தாளில் எழுதி என் தந்தையாரிடம் காட்டினேன். நிறைகளைப் பார்த்துவிட்டு, "இந்த எண்ணை யாரு போடறது?" என்று கேட்டார். இம்முறையைக் கற்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

நம் துறையில் கணிதம் பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நூலக நேரம், குடிநீர், பேருந்து வசதி என்று நாமும் ஆண்டுதோறும் மாணவர் மன்றத்தில் கோரிக்கைகள் வைக்கிறோம். வரும் ஆண்டில் அவற்றை ஓர் அணியில் இட்டு, ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் இருவரை ஒப்பிடச் சொல்லி, பெருக்குச் சராசரி கண்டு, வரிசைப்படுத்தி முதல்வர் அவர்களிடம் கொடுத்துப் பார்ப்போம். கணக்குப் போட நான் தயாராக இருக்கிறேன். எந்தெந்த அளவுகோல்கள் வேண்டும் என்பதை மட்டும் எல்லோரும் கூடித் தீர்மானிக்க வேண்டும்.